மார்க்கை அனுப்பலாமா

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காளும் தங்கையும் பேசிக்கொண்டு வந்தார்கள். தங்கை மெட்ராஸ் காலேஜுக்கு விண்ணப்பம் போடுகிறாள். பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. விருப்பமிருந்தால் பள்ளிக்கூடத்து டெஸ்ட் மார்க்கைச் சேர்த்து அனுப்பலாமாம்.

"கணக்குல கம்மிக்கா. அனுப்பாம வுட்டுடறேன்."

"மத்ததுல நல்லா வாங்கிக்கினு எதுக்குடி மறைக்கிற? அனுப்பு."

"வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

அக்காள் அவள் மடியிலிருந்த மார்க்கு சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"கணக்குல நான்தான் கிளாஸ்லயே ஃபர்ஸ்ட்டு. ரிசல்ட்டு வர்றதுக்குள்ள கல்யாணம் பண்ணிட்டாங்க. வேணாம்னு சொல்றதுக்குக்கூட எந்தக் காலேஜும் என் மார்க்கைப் பாக்கலடி."

திண்டிவனம் வந்தது. தங்கை மார்க்கு சீட்டையும் விண்ணப்ப உறைக்குள் வைத்து ஒட்டினாள்.

"குடுடி, தபால் பெட்டியில நான் போடறேன்" என்று அக்காள் கையை நீட்டினாள்.