இதர விஷயங்கள்

ஒரு நிறுவனத்தின் உயிர் அதன் ஒழுங்கில் இருக்கிறது. இது நான் எழுதிய வாக்கியம். கண்ணாடிச் சட்டம் போட்டு என் அறையில் மாட்டியிருந்தேன். ஆணி இளகி இரண்டு தடவை என் தலைமேலேயே விழப் பார்த்ததால் இப்போது அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. அதனால் வாக்கியத்தின் உண்மை குறைந்துவிடாது.

ஏன் சொல்லவில்லை என்று விசாரணைக் குழுவில் கேட்டீர்கள். சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு நான் தலைவன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. யாருடைய முடிவாவது உயிருக்கு ஆபத்தான அளவில் வந்தால், கூடத்துப் பெண்கள் வார்டுக்கு ஃபோன் செய்து சொல்லிவிடுவார்கள். இது டைரக்டருக்கு நாகரிகமாகப் படவில்லை. வெளியிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூட்டிவந்தார். அவர் எந்நேரமும் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையோ தட்டிக்கொண்டே இருப்பார். எல்லோரும் அவரைக் கருப்புத்திரை என்றார்கள். பிரியமாகத்தான் சொன்னார்கள். எனக்கு யாரும் ஒரு பட்டப்பெயர்கூட வைத்ததில்லை.

கேண்டீனில் என்னைப் பார்த்தால், "என்ன சார், இன்னும் மவுஸைத்தான் பிடிச்சுட்டு இருக்கீங்களா? விடுங்க சார், பாவம் அது," என்பார். பக்கத்து மேஜை சிரிக்கும். நானும் சிரிப்பேன். தொடக்க விழா மேடையில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கு ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அவர் செய்தது இதுதான். பரிசோதனை இயந்திரத்தோடு வந்த விண்டோஸ் நிரல், நோயாளிக்கு ஒரு வரி வீதம் கோப்பில் எழுதும். முடிவு மோசமென்றால் வரியின் கடைசிச் சொல் 'ஆபத்து'. கருப்புத்திரை அதே கணினியில், விண்டோஸைச் சேராத யூனிக்ஸ் என்ற வேறொரு முறையின் கருவிகளைக் கொண்டுவந்து இறக்கினார். 'ஆபத்து' என்று முடிகிற வரிகளை அவை பொறுக்கி எடுக்கும்; உடனே அந்த வார்டில் மணி அடிக்கும். விழாவில் ஒரு மாதிரிக் கோப்பைத் தன் கருப்புத் திரையிலேயே தட்டி ஓட்டிக் காட்டினார். மணி கணீரென்று அடித்தது. டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். இனிக் கூடத்துப் பெண்கள் ஃபோனைத் தொட வேண்டாம் என்று மறுநாளே சுற்றறிக்கை போனது.

அதற்குப் பிறகு மணி அடிக்கவே இல்லை.

அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மாத அறிக்கையில் 'ஆபத்து எச்சரிக்கைகள்: பூஜ்யம்' என்று வந்தது. டைரக்டர் அதைச் சாதனை என்று அறிவித்தார். கருப்புத்திரைக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

அவ்வளவு பெரிய மருத்துவமனையில் பூஜ்யம் வராது. நான் கோப்பைத் திறந்து பார்த்தேன். விண்டோஸ் நிரல்கள் வரியை முடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இரண்டு அடையாளங்களை இடும். யூனிக்ஸ் கருவிகள் ஒன்றைத்தான் எதிர்பார்க்கும். மிச்சமிருக்கும் ஒன்று கடைசிச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். திரையில் நமக்கு 'ஆபத்து' என்றுதான் தெரியும். கருவிக்கு அது வேறு ஏதோ சொல். பொருந்தவில்லை என்று பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். பிழை என்று ஒரு முணுமுணுப்புகூட வராது. விழாவில் ஓட்டிய மாதிரிக் கோப்பை அவர் யூனிக்ஸ் திரையிலேயே அடித்ததால் அதில் இந்த ஒட்டல் இல்லை. ஒட்டியதை உரித்துவிட்டு ஒப்பிட்டால் போதும். நாலு வரி வேலை. அன்றைக்கே எழுதி என் கணினியில் பத்திரப்படுத்தினேன்.

இந்த இடத்தில்தான் என்னைத் தவறாகப் புரிந்துகொள்கிறீர்கள். நான் மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லக் காத்திருந்தேன். கேண்டீனில் சொல்லியிருந்தால், "ஓ, அதுவா சார்," என்று டீ ஆறுவதற்குள் சரிசெய்துவிட்டு வந்திருப்பார். அப்படி ஒன்று நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. மாதாந்திரக் கூட்டத்தில் முறையாக விளக்கலாம் என்று ஸ்லைடுகள் தயாரித்தேன். அவற்றுக்கு உதாரணங்கள் வேண்டியிருந்தன. தினமும் காலையில் கோப்பைத் திறந்து, 'ஆபத்து' என்று முடிகிற வரிகளை நானே கண்ணால் படித்தேன்.

முதலில் ஒரு தையல்காரர். வேறு எதற்கோ அந்தப் பக்கம் வந்த டாக்டர் பார்த்துவிட்டதால் பிழைத்தார். அது ஸ்லைடுக்கு ஆகாது; ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். அடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் இறந்தார். ஆனால் வயதானவர், ஏற்கெனவே நாலைந்து கோளாறுகள். விவாதத்துக்கு இடம் கொடுக்கிற உதாரணம். இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டேன்.

கூட்டத்தில் என் பெயர் நிகழ்ச்சி நிரலின் கடைசியில், 'இதர விஷயங்கள்' என்பதற்குக் கீழே இருந்தது. டைரக்டர் பூஜ்யத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றி மற்றவர்கள் அதைவிட நெடுநேரம் பேசினார்கள். "இதர விஷயங்களை அடுத்த மாசம் வச்சுக்கலாமே, சாப்பாடு ஆறுது," என்றார் டைரக்டர். கையைத் தூக்கியிருக்கலாம். கையைத் தூக்கிச் சொல்கிற மாதிரியான விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

அந்த அடுத்த மாதம் வருவதற்குள் என் மாமனாரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. காலையில் வழக்கம்போல் கோப்பைத் திறந்தால் அவருடைய வரி 'ஆபத்து' என்று முடிந்திருந்தது. வார்டுக்கு ஃபோன் செய்தேன். நர்ஸ் எடுத்தார். "ஆறாம் படுக்கைக்குப் பொட்டாசியம் ஏறியிருக்கும்மா, உடனே டாக்டரைக் கூப்பிடுங்க," என்றேன். கூப்பிட்டார். மாமனார் பிழைத்தார். "நீங்க மட்டும் பாக்கலைன்னா அப்பா இன்னிக்கு இல்லங்க," என்று மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் என்னைப் பற்றி அப்படிப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

மாமனாரின் வரிக்கு மேல்வரியும் அப்படித்தான் முடிந்திருந்தது. அதே வார்டு, ஐந்தாம் படுக்கை. ஒரு வெல்டர், கால் நசுங்கி வந்தவர். இளவயது, வேறு எந்தக் கோளாறும் கிடையாது. ரிசீவரை வைத்துவிட்டேன். அவரை எனக்குத் தெரியாது. தவிர, விவாதத்துக்கு இடமே இல்லாத உதாரணம் அவர்தான்.

மத்தியானம் அவர் இறந்தார். நர்ஸை சஸ்பெண்ட் செய்தார்கள். கேடயம் வாங்கிய மணி அடிக்காமல் இருந்திருக்காது, ஆகவே இவர்தான் கவனித்திருக்க மாட்டார் என்பது டைரக்டரின் தர்க்கம். நடைவழியில் அந்த நர்ஸ் என்னை மறித்துக்கொண்டார்.

"சார், மணி அடிக்கவே இல்ல சார். டீ குடிக்கப் போயிட்டேன்னு எழுதி வச்சிருக்காங்க. அந்தப் பையனோட அம்மா நேத்து வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டுக் கத்தறாங்க. எம் புள்ளைங்க கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்கு. நீங்க கம்ப்யூட்டர் ஆளு, ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"பொறுமையா இருங்கம்மா. எல்லாம் முறைப்படி வரும்," என்றேன். என் ஸ்லைடுகளில் அவருக்கும் ஒன்று ஒதுக்கியிருந்தேன். பெயர் போடாமல்தான்.

பிறகு அவர்தான் உங்களிடம் கேட்டிருக்கிறார்: "ஆறாம் படுக்கைக்கு ஃபோன் பண்ணின சார், அஞ்சாம் படுக்கைக்கு ஏன் பண்ணல?" நியாயமான கேள்வி. கூட்டத்தில்கூட அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆமாம், எனக்குத் தெரியும். ஆசிரியைக்கும் தெரிந்தே ஃபோன் செய்யவில்லை, வெல்டருக்கும் தெரிந்தே செய்யவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். இதனால் அந்த நர்ஸுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். மணி இல்லாவிட்டாலும் கவனித்திருக்க வேண்டும் என்று உத்தரவைத் திருத்திவிட்டார்களாம்.

இவ்வளவுக்கும் தீர்வு என் கையில் தயாராக இருந்தது, இதர விஷயங்களுக்கு நேரம் கொடுத்திருந்தால் அடுத்த நொடியே மணி அடித்திருக்கும் என்று முதல் நாளே உங்களிடம் சொன்னேன். அதை ஓட்டிக் காட்டச் சொன்னீர்கள். நேற்று உங்கள் எல்லோர் முன்னாலும் ஓட்டினேன். முதல் வரியிலேயே படுத்துவிட்டது.

கருப்புத்திரை குனிந்து பார்த்தார். "சார், இதை எதுல அடிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். கிண்டல் இல்லை. என் நாலு வரிகளின் கடைசியிலும் அதே கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது.

விண்டோஸ் நோட்பேடில் அடித்திருந்தேன். ஒரு தடவைகூட ஓட்டிப் பார்த்திருக்கவில்லை.