கயிறு பிடித்தவர் பாட வேண்டும்

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு மீனவரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

"எண்ட உம்மா மௌத்தானப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன், வெள்ளக்காரிட பாட்டுக்கு அழுதீங்களாம். கண்டக்குழி ஊர் முழுக்க அதே கதைதான்."

"கரைவலை இழுக்கக் கயிறு புடிச்சா ஆரெண்டாலும் பாடத்தானே வேணும். அவவும் வந்து புடிச்சவ, பாடினவ."

"அதுக்கு நீங்க ஏன் அழுவான்? அவட பாஷை ஒங்களுக்கு விளங்குமா?"

"ஒரு சொல்லும் விளங்கல்ல. நாங்க பாடக்குள்ள அவவும்தான் அழுதவ."

"நீங்க என்ன பாடின?"

"வலைச் சொந்தக்காரச் சம்மாட்டிட பெரிய வயித்தப் பத்தி."

மனைவி சிரிக்கவில்லை.

"அவ பாடினது என்ன? காதல் பாட்டா?"

"அவ தங்கின லொட்ஜில சமைக்கிற குசினிக்காரன் அவவிட்டக் கேட்டுச் சொன்னான். வளத்த மாடு காணாமப் போன பாட்டாம்."

"யா அல்லாஹ், மாட்டுக்கா அழுத? எண்ட உம்மாவ விட ஒங்களுக்கு மாடு பெரிசா?"

அவர் அந்த மெட்டை மெதுவாக முனகத் தொடங்கினார். பாலாவி வரும் வரை முனகினார். மனைவி முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தார்.

"அந்த மாடு கெடச்சிச்சாமா?" என்று கேட்டார்.