நாட்டைக்கு ஒரு கம்ப்ரசர்

சௌமியா: ...மொதல்ல கோவிச்சுக்க மாட்டேன்னு சொல்லுங்க. அப்பறஞ் சொல்றேன்.

பூபதி: என்னன்னு தெரியாம எப்படிப் புள்ள சொல்றது? ராய்ப்பூரு தாண்டி ஒரு காட்டுக்குள்ள நிக்கறேன். இங்கிருந்து கோவிச்சா உனக்கு எட்டவா போவுது?

சௌமியா: எட்டும். நீங்க கோவிச்சா திருச்செங்கோடு வரைக்கும் எட்டும்.

பூபதி: செரி, கோவிக்கல. சீக்கிரஞ் சொல்லு. பசங்க ராடு மாத்தீட்டு இருக்கறானுங்க. மாத்துனதும் மறுபடி போர் ஓட்டோணும்.

சௌமியா: வர்ற ஞாயித்துக்கிழமை கோகிலவாணி டீச்சர் சேலத்துல கச்சேரி வெக்கறாங்க. அவங்ககிட்ட வீணை படிச்சவங்க எல்லாம் வாசிக்கோணும். நானும்...

பூபதி: நீயா? கண்ணாலம் ஆனதும் வீணைக்கு ஒறையப் போட்டு அட்டாலில ஏத்துனவ நீதான?

சௌமியா: எறக்கிட்டனுங்க.

பூபதி: எப்ப?

சௌமியா: தீவாளி முடிஞ்சு நீங்க போர்வெல் ரிக்கோட கெளம்புனீங்கல்ல, அதுக்கு மக்யா நாளு.

பூபதி: ...ஆறு மாசமாச்சு. ஒரு வார்த்த சொல்லல.

சௌமியா: சொல்ல வாரப்ப எல்லாம் சிக்னல் போயிருது. இல்லீனா எனக்குத் தைரியம் போயிருது. இன்னிக்கு ரெண்டும் இருக்குது, கேட்டுக்குங்க. வெறும் வீணை இல்லீங்க. லேப்டாப்புல கோத்து வாசிக்கறேன். வீணையில மைக்க ஒட்டி, வாசிக்கறத அப்பவே வாங்கி, சுத்திச் சுத்தி வர வெச்சு, அது மேல மறுபடி வாசிக்கறது.

பூபதி: திருவிழாவுல டிஜே போடுவானுங்களே, அந்தக் கணக்கா?

சௌமியா: கிண்டலு பண்ணுனா வெச்சுருவேன்.

பூபதி: இல்ல இல்ல, சொல்லு.

சௌமியா: நாட்டை ராகத்துல தானம் வாசிக்கறேன். தானம்னா மிருதங்கம் இல்லாமயே வீணை தானா நடை போட்டுப் போறது. அதுக்கு அடியில ஒரு சத்தம் விடாம ஓடீட்டே இருக்கோணும். தம்புரா வெச்சுப் பாத்தேன். எனக்குப் பத்தல.

பூபதி: அப்பறம் எத வெச்ச?

சௌமியா: மறுபடியும் சொல்றேன், கோவிக்கக் கூடாது.

பூபதி: கோவிக்கல, சொல்லு.

சௌமியா: உங்க ரிக்க.

பூபதி: எத?

சௌமியா: ரிக்கு கம்ப்ரசர் சத்தத்த. தெனம் மத்தியானம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவீங்கல்ல? "சாப்டயா, நான் சாப்டேன்"னு ரெண்டு வார்த்த. அப்பறம் நிறுத்த மறந்துட்டு நிப்பீங்க. ரெண்டு நிமிசத்துக்கு வெறுங் கம்ப்ரசரு. அத வெட்டி எடுத்துக்கிட்டேன்.

பூபதி: அப்ப என்ற பேச்சு?

சௌமியா: பேச்சு தனியா வெச்சிருக்கறனுங்க. அத யாருக்கும் போட்டுக் காட்டல.

பூபதி: மத்தத யாருக்குப் போட்டுக் காட்டுன?

சௌமியா: யூட்யூப்புல ஏத்துனேன். பேரு போடல, மொகங் காட்டல. கை மட்டுந்தான் தெரியும். நாப்பது பேரு பாத்திருக்கறாங்க. அதுல யாருக்கும் நாந்தான்னு தெரியாது.

பூபதி: அடக் கெரகமே. ஊருக்குள்ள ரிக்க ஸ்டார்ட் பண்ணுனா ஆடு மாடு அத்துக்கிட்டு ஓடுது. நீ அது மேல ஏறி உக்காந்து வீணை வாசிக்கற. டீச்சர் தொடப்பத்த எடுக்கலயா?

சௌமியா: பேரையே எடுத்தர்றேன்னாங்க. "என் சிஷ்யைன்னு பத்திரிகையில போட்டிருக்கேன், இந்த இரைச்சலோட மேடை ஏறாதே"ன்னுட்டாங்க. மூணு நாளு அவங்க ஊட்டு வாசல்ல போயி உக்காந்துட்டேன். நாலாம் நாளு, செரி போடுன்னாங்க. கண்ண மூடீட்டு முழுசுங் கேட்டாங்க. கேட்டுட்டு ஒரு கண்டிசன் போட்டாங்க.

பூபதி: என்னன்னு?

சௌமியா: சத்தம் எதா இருந்தாலும் வாசிக்கற நேரத்துலதான் பொறக்கோணுமாம். முன்னயே புடிச்சு அடைச்சு வெச்சதக் கொண்டாரக் கூடாதாம். ஒத்துக்கிட்டா வாசி, இல்லீனா ஊட்டுக்குப் போன்னாங்க. ஒத்துக்கிட்டேன்.

பூபதி: ஒத்துக்கிட்டயா? ரிக்கு இங்க நிக்குது, நீ அங்க இருக்கற.

சௌமியா: அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குப் போன் போட்டுக் கம்ப்ரசர் கிட்டப் புடிச்சுட்டு நிக்கோணும். பன்னெண்டு நிமிசம். பேசக்கூடாது, இருமக்கூடாது.

பூபதி: ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவு புள்ள. பசங்க சந்தைக்குப் போயிருவானுங்க. வண்டி சும்மா நிக்கும்.

சௌமியா: சும்மா நிக்கற வண்டிய ஓட்டுங்க.

பூபதி: மொதலாளி கேட்டா?

சௌமியா: கச்சேரின்னு சொல்லுங்க.

பூபதி: சிரிப்பாரு.

சௌமியா: சிரிக்கட்டும். டீச்சர்கிட்டப் படிக்கறவங்களும் சிரிச்சாங்க. நான் ஏறறதுன்னா ஏறறதுதானுங்க. நீங்க போன் போடலீன்னாலும் ஆறு மணிக்கு உக்காருவேன். அடியில ஒண்ணுமில்லாம வாசிச்சுட்டு எறங்கி வந்துருவேன். ஆனா அது என்ற கச்சேரி இல்ல. கண்ணாலத்துக்கு முந்தி மத்தவங்க சொல்லிக் குடுத்தத வாசிச்சேன். இது ஒண்ணுதான் நானா பண்ணுனது.

பூபதி: ...அழுவறயா?

சௌமியா: இல்லீங்க. பயமா இருக்குது.

பூபதி: மேடைக்கா?

சௌமியா: மேடைக்கென்ன பயம். உங்க கம்ப்ரசருக்குத்தான். மொதல்ல நீங்க அனுப்புனதெல்லாம் என்ற வீணைச் சுருதிக்கு அரைக்கட்டை கீழ இருந்துச்சு. லேப்டாப்புல இழுத்து ஏத்துனேன். சத்தம் செத்துப் போச்சு, தகரத்தத் தட்டுனாட்டம். அதனால ஏத்தாம அப்படியே நெட்டுல போட்டு, என்ற மூணு கட்டைக்கு அரைக்கட்டை சுருதி எறங்கிருச்சு மன்னிச்சுக்குங்கன்னு கீழ எழுதி வெச்சேன்.

பூபதி: ம்.

சௌமியா: அப்பறம் தைப்பூசத்தன்னிக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு பாருங்க... கணக்கா மூணு கட்டை. என்ற வீணைக்குன்னே அளவெடுத்த மாதிரி. அன்னையிலிருந்து ஒரு நாளும் மாறல. எப்படின்னே தெரீல. முருகன் குடுத்ததுன்னு வெச்சுக்கிட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை பாத்து அது எறங்கிருச்சுனா? அத்தன பேரு முன்னால உக்காந்து கம்பிய முறுக்கீட்டு இருக்க முடியுங்களா?

பூபதி: எறங்காது.

சௌமியா: உங்களுக்கென்ன தெரியும் சுருதியப் பத்தி?

பூபதி: ...ராடு மாத்தியாச்சு. பசங்க கூப்படறானுங்க.

சௌமியா: பதில் சொல்லீட்டுப் போங்க.

பூபதி: ஆறு மணிக்கு நிப்பேன். போதுமா?

சௌமியா: அது இல்லீங்க. எறங்காதுன்னு எத வெச்சுச் சொன்னீங்க?

பூபதி: அந்த நாப்பது பேர்ல நானொருத்தன் புள்ள. மார்கழிக் கடைசியில எங்க டிரைவரு போன்ல காட்டுனான். வீணை யாருதுன்னு மொதல்ல தெரீல, கம்ப்ரசரு என்னுதுன்னு தெரிஞ்சுது. அந்த வால்வு தட்டற தட்டு வேற எந்த வண்டியிலயும் வராது. அப்பறந்தான் கையப் பாத்தேன். அரைக்கட்டை எறங்கிருச்சுன்னு நீ எழுதியிருந்ததயும் படிச்சேன். தம்புரா ஆப்ப எறக்கி, மூணு கட்டை வெச்சுக் காதுல மாட்டிக்கிட்டு, பதினஞ்சு நாளு எஞ்சின ஏத்தி எறக்கிப் பாத்தேன். ஆர்பிஎம் மீட்டர்ல முள்ளு ஆயிரத்தி அறுநூத்தி எம்பதுல நின்னப்ப சுருதி சேந்துச்சு. அந்த எடத்துல செவப்புப் பெயிண்டுல கோடு போட்டு வெச்சிருக்கறேன். தெனம் சோத்துக்கு முந்தி அந்தக் கோட்டுக்கு ஏத்தி வெச்சுட்டுத்தான் உனக்கு மெசேஜே அனுப்பறது. நிறுத்த நான் ஒரு நாளும் மறந்ததில்ல சாமி.