மொட்டை மாடி மோட்டார்

பம்ப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை எச்பி என்றுதான். அடுத்தது, தண்ணீர் எவ்வளவு தூரம் பாயும் என்பது. எவ்வளவு தண்ணீர் வரும் என்று கேட்டவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன், விரல்களும் மிச்சமிருக்கும். பம்ப் கம்பெனி விற்பனைப் பிரிவில் ஒரு ஆயுளைக் கழித்தவன் நான். தமிழ்நாட்டில் பாதிக் கிணறுகளில் இந்தத் தேவானந்தம் விற்ற மோட்டார்தான் ஓடுகிறது. மீதிப் பாதியில் தண்ணீர் இல்லை.

இப்போது ஓய்வு. இரும்புலியூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மற்ற எல்லோரும் அந்தப் பதவியைத் தொட மறுத்ததால் ஏகமனதாகத் தேர்வானவன். மகன் மெர்வின் மேடவாக்கத்தில் இருக்கிறான். சிக்னலில் நிற்கும்போது போன் செய்வான், பச்சை விழுந்ததும் வைத்துவிடுவான். மேடவாக்கத்துச் சிக்னல்கள் மட்டும் அவ்வளவு நீளமாக இல்லாவிட்டால், எனக்குப் பேத்தி பிறந்த செய்தியே வந்து சேர்ந்திருக்காது.

நேற்று மத்தியானம் பிளஸ்ஸி வந்தாள். எங்கள் வாட்ச்மேன் தயாளனின் மகள், நர்சிங் கடைசி வருஷம். உட்காரச் சொன்னேன், நின்றாள்.

"அங்கிள், போன வருஷ மழையில எங்க வயல்ல அத்தனை நாள் மோட்டார் ஓடிச்சே, தண்ணி ஏன் வடியல?"

நல்ல கேள்வி. யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தேன். அவளிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

அப்போது தயாளன் வாட்ச்மேன் இல்லை. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், நாலு பக்கமும் வீடுகள் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டுக்கொண்டிருந்தான். அவனும் மனைவி மெட்டில்டாவும்தான் வேலை செய்வார்கள். சாயங்காலமானால் நான் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போய்விடுவேன். நான் விற்ற மோட்டார் ஒன்று உறிஞ்சிய உறிஞ்சில் பக்கத்து ஊர்க் கிணற்றில் வாளி தரை தட்டிய கதையை அவனிடம்தான் முதலில் சொன்னேன். தயாளனைப் போலச் சிரிக்க ஆள் கிடையாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பான்.

ஆனால் கதை உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்து, "இருங்கண்ணா, மடையப் பாத்துகினு வந்துடறேன்" என்று போய்விடுவான். திரும்பி வந்து, "இன்னா சொல்லிகினு இருந்தீங்க?" என்பான். மெட்டில்டா அதைவிட மோசம். "இவரு கதை முடியறதுக்குள்ள பயிரு முத்தி, அரிசியாகி, சோறே ஆயிடும். வாய்யா இப்பிடி" என்று கூப்பிட்டுக்கொண்டு போவாள். உலகத்தில் எனக்குக் கதை கேட்க ஒரே ஒரு ஆள். எனக்குப் போட்டியாக ஒரு வயல் நெல். யோசித்துப் பாருங்கள், யாருக்கானாலும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

கார்த்திகையில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் மழை கொட்டியது. சுற்றியிருந்த தெருக்களை எல்லாம் மேடாக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் முழுக்க வயலில் வந்து உட்கார்ந்துவிட்டது. நிலத்துக்காரர் சுவிசேஷமுத்து முன்பே சொல்லியிருந்தார்: இந்தப் போகம் வீடு வந்து சேர்ந்தால் குத்தகை தொடரும், இல்லாவிட்டால் மனை போட்டுவிடுவார். தயாளனுக்கு இது தெரியும். எனக்கும் தெரியும்.

சொட்டச் சொட்ட என் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா, மண்ணிவாக்கத்துல தாவீது டீசல் இன்ஜின் வாடகைக்கு தரேன்றாரு. பைப்பு வாய் இம்மாம் அகலம். ஆனா தண்ணி சும்மா கொழகொழன்னு ஊத்துது, ஃபோர்ஸே இல்ல. எடுக்கலாமாண்ணா? நீங்க சொன்னா சரி."

அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பம்ப் பூமியில் கிடையாது. வயல் தண்ணீர் முழங்கால் உயர வரப்பைத் தாண்டிக் கால்வாயில் விழுந்தால் போதும். அதற்கு வேகம் எதற்கு? வாய் அகலம்தான் வேண்டும். எருமை மூத்திரம் பெய்வது போலத்தான் கொட்டும், பார்க்க அழகாக இருக்காது. ஆனால் இரண்டே நாளில் அந்த வயலில் ஒரு தவளைக்குக் கால் நனைக்கத் தண்ணீர் மிஞ்சியிருக்காது.

"அது பம்பா தயாளா? கக்கூஸ் தொட்டி காலி பண்ண வச்சிருக்கான். நம்ம பில்டிங்ல ஸ்பேர் மோட்டார் சும்மா கிடக்குது. எடுத்துக்கோ. வாடகையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன்.

அது மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார். உயரத்துக்குப் போகும், கொஞ்சமாகப் போகும். அதன் பிறவிக் குணம் அது. போதாததற்கு, டெலிவரி பைப்பின் நுனியில் நானே ஒரு ஒடுக்கமான வாயை மாட்டிவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் எழும்பிய எழும்பலில், தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் எதுவும் அந்தப் பக்கம் வராதது அதன் அதிர்ஷ்டம். குடியிருப்பே பால்கனிக்கு வந்துவிட்டது. முதல் மாடி ப்ரியா, "செம்ம ஃபோர்ஸ் அங்கிள்" என்று செல்போனில் படம் எடுத்தாள். தயாளன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஆண்டவருதாண்ணா உங்கள அனுப்பிச்சாரு" என்றான். நான் அடக்கமாகத் தலையை அசைத்தேன்.

மோட்டார் வெளியேற்றியதைத் தெருக்கள் உடனுக்குடன் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. வயலுக்கு மோட்டார் ஓடுகிற விஷயமே தெரியாது.

ஒரே ஒரு சங்கடம்தான். தயாளன் வரப்போரமாக ஒரு சவுக்குக் குச்சியை அடித்து, தண்ணீர் மட்டத்தில் சிவப்புத் துணி கட்டினான். "எவ்ளோ எறங்குதுன்னு நாளைக்குப் பாத்துக்கலாம்ணா" என்றான். துணி இருந்த இடத்திலேயே இருந்தால் தாவீதிடம் ஓடிவிடுவான். அதனால் மறுநாள் காலை, அவர்கள் இரண்டு பேரும் டீ குடிக்கப் போன நேரத்தில், குச்சியைக் கொஞ்சம் மேலே இழுத்து வைத்தேன். கொஞ்சம்தான், இரண்டு விரல் அளவு. துணி தண்ணீருக்கு மேலே நின்றது.

"எறங்கிடுச்சுண்ணா," என்று குழந்தை மாதிரி குதித்தான். அவனை அப்படிப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதனால் தினமும் காலையில் அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தேன்.

மெட்டில்டா மட்டும் நம்பவில்லை. "குச்சி எறங்கிடுச்சுன்னு சொல்லுது. என் முட்டி இல்லன்னு சொல்லுது" என்றாள்.

"அண்ணன் பம்ப்புலயே பொறந்து வளந்தவரு. உன் முட்டிக்கு இன்னா தெரியும்?" என்று அவன் அவளை அடக்கினான். அவள் ஒரு அலுமினிய அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு வந்து, இடுப்பை வளைத்துக் கால்வாயில் தண்ணீரை வாரி இறைக்கத் தொடங்கினாள். நான் பால்கனியில் காபியோடு உட்கார்ந்து, மோட்டாரையும் அவளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். தொழில் பழக்கம். அவள்தான் கொஞ்சம் முன்னால் இருந்தாள்.

பிறகு நாற்றம் வந்தது. சுவிசேஷமுத்து காரிலிருந்து இறங்காமலே மூக்கில் கைக்குட்டையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். பொங்கல் கழிந்ததும் மனைக்கல் நட்டார்கள். மெட்டில்டா கோவளத்தில் அண்ணன் வீட்டோடு போய், மீன் விற்கிறாள். அவள் திரும்பி வரவில்லை. நெல் செத்தது உண்மைதான். ஆனால் பயிர் எப்படியும் அறுக்கப்படத்தானே வளர்கிறது.

தயாளனை நான் கைவிடவில்லை. வயலில் வேலை செய்தவனுக்கு வாட்ச்மேன் வேலை தெரியாது என்று சங்கக் கூட்டத்தில் சிலர் எதிர்த்தார்கள். சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தேன். காக்கிச் சட்டை, மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, பிளஸ்ஸியின் படிப்புக்குச் சம்பளம். இப்போது சாயங்காலம் நாற்காலியோடு கேட்டுக்குப் போனால் தயாளன் இருப்பான். மடை கிடையாது, கூப்பிட மெட்டில்டா கிடையாது. கார் வந்தால் கேட்டைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வான். அண்ணா என்பதை விட்டு சார் என்கிறான், அது உடுப்புக்காக. எல்லாக் கதைக்கும் சிரிக்கிறான். சில சமயம் சிரிப்பு வரும் இடத்துக்கு நான் வந்து சேர்வதற்கு முன்பே சிரித்துவிடுகிறான். வாட்ச்மேனை வைப்பதும் நீக்குவதும் செயலாளர் கையில் இருக்கிறது என்பதை நான் ஓரிரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டி வந்ததில்லை.

இதை எல்லாம் பிளஸ்ஸியிடம் சொன்னேன். பம்ப்பை நான்தான் தப்பாகக் கொடுத்தேன், தெரிந்தே கொடுத்தேன். குச்சியை நான்தான் இழுத்தேன். உன் அப்பாவின் வயலை மூழ்கடித்தது மழை இல்லை, நான். அழுவாள், கத்துவாள் என்று ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தேன்.

"தெரியும் அங்கிள்" என்றாள். "அப்பாவுக்கு அப்பவே தெரியும். மொழங்கை ஆழம் அடிச்ச குச்சி, கடைசியில அவர் தொட்டதும் கையோட வந்துடுச்சாம். ஏப்ரல்ல என் படிப்பு முடியுது. அதுவரைக்கும் வாயத் தொறக்காதன்னு சொல்லியிருக்காரு. என்னாலதான் முடியல."

தண்ணீரைத் தொடாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்தத் தண்ணீரை நானே எடுத்துக் குடித்தேன். பிறகு மெல்ல மெல்ல ஒரு நிம்மதி வந்தது. இன்னும் கொஞ்சம் யோசித்ததும் சந்தோஷமாகவே ஆகிவிட்டது. ஏப்ரல் என்பதெல்லாம் பிள்ளைகள் பேசுகிற பேச்சு. விஷயம் அதுவல்ல. எல்லாம் தெரிந்த பிறகும் தயாளன் ஒரு வருஷமாகத் தினமும் என் எதிரில் உட்கார்ந்து என் கதையைக் கேட்டிருக்கிறான், ஒரு வார்த்தை கேட்டதில்லை. என்மேல் இத்தனை பிரியம் வைத்த மனிதர் வேறு யார் இருக்கிறார்கள்?