ரெண்டுக்கு ரெண்டு

— நீ எங்கடி இங்க வந்த? இது எங்க டீம் வரிசை.

— ஸ்கேட்டுக்குச் சாணை பிடிக்கறதுல என்னடி உங்க வரிசை, எங்க வரிசை? இந்தக் கட்டடத்துல ஓடறது இந்த ஒரு மெஷின்தான். ஸ்லோவேனியாவுல இருந்து நாங்க தூக்கிட்டு வந்தது நேத்தே புகைஞ்சு போச்சு.

— ஐஸ்லாந்துக்கு மெஷினே கிடையாது. எங்க கோல்கீப்பரோட அப்பாதான் கையால தேய்ச்சுக் குடுப்பாரு. இன்னிக்கு அவருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு.

— அப்போ தள்ளி உக்காரு, டாக்னி. உன் தோள் கவசம் என் மூக்குல இடிக்குது.

— கொஞ்ச நேரம் முன்னாடி என்னைக் கொண்டுபோய் ரிங்க் ஓரக் கண்ணாடியில அறைஞ்சியே, அப்போ இடிக்கலையா?

— அது ஆட்டம்.

— ஊர்ஷ்கா, நாளன்னிக்கு சுவீடனுக்குத் திரும்பினா நீயும் நானும் ஒரே ஃபிளாட்டு, ஒரே கிளப்பு. ஒரு பெரிய சட்டியில சூப் வச்சு ரெண்டு பேரும் குடிக்கணும். ஞாபகம் இருக்கட்டும்.

— இருந்துச்சு. அதனாலதான் மெதுவா அறைஞ்சேன்.

— ஸ்கேட். குடு. ரெண்டு பேரும்.

— இந்தாங்கம்மா. இடது கால் பாருங்க, கோல் கம்பத்துல மோதி பிளேடுல பல்லு விழுந்திருக்கு.

— ம். மோசம். இது யார் தேய்ச்சது?

— எங்க கோல்கீப்பரோட அப்பா.

— அப்பா... கோடாலி நல்லா தீட்டுவார். ஸ்கேட் வேண்டாம். உக்காரு. நீங்க பேசு. நான் வேலை.

— அந்த அம்மா என்னடி சொன்னாங்க?

— எனக்கென்ன தெரியும்? போலந்துக்காரங்க, இந்த ரிங்க்ல வேலை பாக்கறவங்களா இருக்கும். இங்கிலீஷ் நாலு வார்த்தை வருது. நீ சுவீடிஷ்லயே பேசு. இங்க ஒரு ஈ காக்காவுக்குப் புரியாது.

— சரி, கேக்கறேன். ஸ்கோர் என்ன?

— ரெண்டுக்கு ரெண்டு. நீயும்தானே ஆடிட்டிருந்த?

— பாக்கி?

— கடைசி பீரியட், இருபது நிமிஷம். என்னடி, புதுசா ஹாக்கி கத்துக்கறியா?

— கணக்குப் போட்டுப் பாத்தியா?

— எங்க கோச் போட்டாரு. போர்டுல எழுதினாரு, அழிச்சாரு, திரும்ப எழுதினாரு. கடைசியில பேனாவைத் தூக்கி வீசிட்டு "போய் ஜெயிங்க"ன்னுட்டாரு.

— நான் சொல்றேன் கேளு. நீங்க நாலு பாயிண்ட். நாங்க நாலு. லித்துவேனியாவும் நாலு, அவங்களுக்கு ஆட்டமெல்லாம் முடிஞ்சு போச்சு. மூணுல ஒண்ணு கீழ் டிவிஷனுக்குப் போயாகணும்.

— தெரியும். இன்னிக்கு யார் தோக்கறாங்களோ அவங்கதான். பாயிண்ட் சமமா நின்னா லித்துவேனியாதான் முன்னாடி. அவங்க நம்ம ரெண்டு டீமையும் ஜெயிச்சிருக்காங்க.

— யாருமே தோக்கலைன்னா?

— எப்படி?

— அறுபது நிமிஷம் முடியறப்ப ஸ்கோர் சமமா நின்னா ரெண்டு டீமுக்கும் ஆளுக்கு ஒரு பாயிண்ட் வந்துடும். அதுக்கப்புறம் எக்ஸ்ட்ரா டைம்ல எவ ஜெயிச்சா நமக்கென்ன? உங்களுக்கு அஞ்சு நிச்சயம். எங்களுக்கு அஞ்சு நிச்சயம். லித்துவேனியாவுக்கு அதே நாலு.

— அதாவது நாம ரெண்டு பேரும் தங்கறோம், அவங்க இறங்கறாங்க.

— நான் அப்படிச் சொல்லல. கணக்கு சொல்லுது.

— கணக்கு வாயைத் தொறந்தா உன் குரல்லதான் பேசுது, ஊர்ஷ்கா.

— நல்லவ வேஷம் போடாதடி. நீயும் யோசிச்சிருப்ப.

— யோசிச்சேன். போன பீரியட்ல, நீ அறைஞ்சு நான் கீழ விழுந்து கிடந்தப்ப. படுத்தா எனக்குக் கணக்கு நல்லா வரும்.

— அப்புறமென்ன?

— மேல கேலரியில லித்துவேனியாப் பொண்ணுங்க உக்காந்திருக்காங்க, பாத்தியா? இருபது பேரும் ஒரே வரிசையில. சூரியகாந்தி விதை கொறிச்சிட்டு, நாங்க முதல் கோல் போட்டதும் கை தட்டினாங்க. நீங்க முந்தினப்பவும் தட்டினாங்க. சமமாச்சுன்னா மட்டும் சத்தமே இல்ல.

— அவங்களுக்கும் கணக்குத் தெரியும்.

— செவ்வாய்க்கிழமை எனக்கு டேப் தீர்ந்து போச்சு. அவங்க கோல்கீப்பர் தன்னோட சுருளைத் தூக்கிப் போட்டா. அதுதான் இப்பவும் என் மட்டையில சுத்தியிருக்கு.

— புதுச் சுருள் வாங்கிக் குடுத்துடு.

— உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதாடி?

— இருக்கு. அதையெல்லாம் என் டீமுக்கு வச்சிருக்கேன். உனக்கு உங்க ஹாக்கி சங்கத்துல இருந்து ஒரு கடிதம் வந்துச்சே, அதை மறந்துட்டியா?

— மறக்கல.

— கீழ இறங்கினா அடுத்த வருஷம் பெண்கள் டீமை அனுப்பறதை...

— "மறுபரிசீலனை செய்வோம்." எங்க ஊர்ல சங்கத்துக்காரங்க மறுபரிசீலனைன்னு எழுதினா சவப்பெட்டிக்கு அளவெடுத்துட்டாங்கன்னு அர்த்தம்.

— அதான் சொல்றேன். உனக்கு முப்பத்தஞ்சு வயசாச்சு, எங்கயாவது பள்ளிக்கூட பஸ் ஓட்டிப் பொழைச்சுக்குவ. உங்க டீம்ல இருக்கற அந்தப் பதினேழு வயசுக்காரி?

— ஹெக்லா பேரை இழுக்காத.

— அவளுக்கு இது முதல் டோர்னமென்ட். இதுவே கடைசியா இருக்கணுமா?

— இழுக்காதன்னு சொன்னேன்ல. காலையில அவ தட்டுல முட்டை அப்படியே இருந்துச்சு. "நாம தோத்துட்டா டீம் இருக்காதாமே, நிஜமா?"ன்னு கேட்டா. நான் "முட்டையைத் தின்னு"ன்னேன். வேற என்னடி சொல்றது? எனக்குப் பயமா இருக்கு, ஊர்ஷ்கா. இருபது வருஷமா ஆடறேன், இவ்வளவு பயந்ததே இல்ல.

— எனக்கும்தான். கையைத் தொட்டுப் பாரு.

— ஐஸ் மாதிரி இருக்கு.

— அப்போ கடைசியில கோல் போடாம நில்லு. நானும் நிக்கறேன்.

— மெஷின் ஏன் நின்னுடுச்சு?

— கல்லு மாத்தறாங்க. நைஸ் கல்லு போடறாங்க போல.

— இந்தக் காலு கொஞ்சம் நேரம். நீங்க பேசு.

— பேசறோம்மா, நீங்க பாருங்க. எப்படிடி செய்யறது? ரெஃபரிக்குத் தெரியாம?

— கடைசி அஞ்சு நிமிஷம். அப்போ ஸ்கோர் சமமா இருந்தா மட்டும். நீ பக் வில்லையை எடுத்துட்டு உங்க கோலுக்குப் பின்னாடி போய்டு. நான் துரத்த மாட்டேன். நடுவுல நின்னு மூச்சு வாங்கற மாதிரி இருப்பேன்.

— உனக்கு இருபத்திநாலு வயசு, எவன் நம்புவான்? மூச்சு நான் வாங்கறேன். எனக்கு நடிக்கவே வேண்டாம்.

— சரி, நீ வாங்கு. நான் ஸ்கேட் கயிறு கட்டற மாதிரி குனியறேன்.

— மத்த பொண்ணுங்க?

— ரெண்டு கேப்டனும் நின்னா மத்ததெல்லாம் தானா நிக்கும். முன்னேர் போற வழிதானே பின்னேர்.

— பதினெட்டாவது நிமிஷத்துல எங்க ஹெக்லா ஆர்வக்கோளாறுல போய் ஒரு கோலைப் போட்டுட்டா?

— போடாம பாத்துக்க.

— ஒருத்தி கோல் போடக் கூடாதுன்னு நான் இதுவரைக்கும் யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்லடி.

— இன்னிக்குச் சொல்லிக் குடு.

— ஒரு நிபந்தனை.

— சொல்லு.

— ஞாயித்துக்கிழமை காலையில நம்ம ஃபிளாட்டுக் கீழ்த்தளத்துல துணி துவைக்கிற முறை. அது எனக்கு வேணும்.

— அது ஒரு வருஷமா என் பேர்ல இருக்கு!

— தெரியும். ஒரு வருஷமா நான் செவ்வாய்க்கிழமை ராத்திரி அடுத்த வீட்டுக்காரன் நாய் முடியோட சேத்துத் துவைச்சிட்டிருக்கேன்.

— நாட்டு மானம் போய்ட்டிருக்கு, இவ சோப்பு பத்திப் பேசறா.

— நாட்டு மானத்தையும் அதே மெஷின்லதான் போட்டுத் துவைக்கணும் போல இருக்கு.

— சரி, எடுத்துக்க. தொலை. ரெண்டு நாட்டைக் காப்பாத்தறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை.

— மூணாவது நாடு?

— அதைப் பத்திப் பேச வேண்டாம்.

— எனக்கு இது பிடிக்கல. சொல்லிட்டேன்.

— பிடிக்கவே வேண்டாம். நின்னா போதும். கையைக் குடு.

— இந்தா.

— இறுக்கிப் பிடிக்காதடி, இன்னும் மட்டை பிடிக்கணும்.

— மூணு நிமிஷம்தான் இருக்கு. மணி அடிக்கறாங்க. அம்மா, ஆச்சா?

— ஆச்சு. நாலும் ஆச்சு. நகத்துல பார்.

— அடேங்கப்பா! நகம் சுருள் சுருளா வருது. ஊர்ஷ்கா, இங்க பாரேன், விழுந்த பல்லு இருந்த இடமே தெரியல.

— என்னோடதும்தான். கிளப்புல கூட இப்படி ஒரு சாணை யாரும் பிடிச்சுக் குடுத்ததில்ல. அம்மா, உங்களுக்கு என்ன தரணும்?

— ஒண்ணும் வேண்டாம். ஸ்கேட் கேட்டா, சாணை உண்டு. எந்த டீமும். இது எங்க ஆளுங்க வழக்கம்.

— எங்க ஆளுங்கன்னா?

— சாமான் பாக்கறவங்களைச் சொல்றாங்க போல. எல்லா டீம்லயும் அப்படித்தான், ஒருத்தருக்கொருத்தர் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. நேரமாச்சு, எழுந்திருடி.

— இரு, நன்றி சொல்லிட்டு வரேன். போலிஷ்ல எப்படிச் சொல்றது?

— ஜெங்குயே.

— ஜெங்குயே, அம்மா! ரொம்ப ரொம்ப ஜெங்குயே!

— எனக்குப் போலிஷ் வராதும்மா.

— ஊர்ஷ்கா. இவங்க இப்போ பேசினது சுவீடிஷ்.

— சுவீடன்ல, லூலேயோல பதினோரு வருஷம் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுல இருந்தேன், அதனால சுவீடிஷ் கொஞ்சம் வரும். கடைசி அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கத்தான் போறீங்கன்னு வந்ததுமே சொல்லியிருந்தா, இவ்வளவு பாடுபட்டுத் தீட்டியிருக்க மாட்டேன். நானும் மேல போய் எங்க லித்துவேனியாப் பொண்ணுங்க பக்கத்துல உக்காந்திருப்பேன்.