வலது எது என்று கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, மருத்துவப் பெருமக்களே, செவிலியச் சகோதரிகளே, கலங்கிப்போய் அமர்ந்திருக்கும், மறைந்த நம் டாக்டரின் துணைவியார் அவர்களே, டாக்டரிடம் வலி தீர்ந்து வந்திருக்கும் அன்பர்களே! எனக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. பதினாறு ஆண்டுகள் டாக்டருக்கு எக்ஸ்ரே படம் எடுத்தவன் நான். அவர் "படம்" என்பார். நான் பொத்தானை அழுத்துவேன். அவ்வளவுதான் எங்கள் உறவு என்று நினைத்திருந்தேன். இல்லை ஐயா, இல்லை! செவ்வாய்க்கிழமை மாரடைப்பு என்று சேதி வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வலி நிவாரண நிபுணரான நம் டாக்டர் என்ன செய்தார்? ஆண்டுக்கணக்கில் வலியோடு கிடந்தவர்களைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பின் இடுக்கில் ஊசி நுழைத்து, அதன் வழியே நூல் போன்ற மின்கம்பியைத் தண்டுவடத்தின் அருகே கொண்டுபோய் வைத்தார். உள்ளே கம்பி போகும் வழி கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது! என் திரையில்தான் தெரியும். வலியை அமுக்கும் மின்சாரத்தை அதில் விட்டதும், விழித்திருக்கும் நோயாளி, "ஆமா டாக்டர், வலிக்கிற எடத்துலதான் குறுகுறுங்குது" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத் தவம் கிடப்பார் மனிதர். "போதும் டாக்டர், பசிக்குது" என்பேன். "நீ சாப்பிட்டா அவங்க வலி போயிடுமா?" என்பார்.

ஊசியை எடுக்கும் முன் நோயாளியின் தோளைத் தொட்டு, "வலது எது?" என்று கேட்பார். அறையில் இருக்கும் அத்தனை பேரும் உரக்கப் பதில் சொல்ல வேண்டும். நான் அந்தப் பக்கம் ஒரு ஈயத் துண்டை வைத்து, அது திரையில் எங்கே தெரிகிறது என்று காட்ட வேண்டும். "இவ்ளோ படிச்சும் நம்ம டாக்டருக்குச் சோத்துக்கை எதுன்னு தெரியலயே" என்று டீ குடிக்கும்போது கேலி செய்தோமே! நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டே சிரித்தேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. வலது கால் வலியால் மெஷின் மிதிக்க முடியாமல் தொழிலையே விட்டிருந்த தையல்காரம்மா படுத்திருந்தார். முந்தின நோயாளிக்காகத் திருப்பிப் போட்ட படத்தை நான் நேராக்காமல் விட்டுவிட்டேன். திரையில் இடம் வலமாகிக் கிடந்தது. டாக்டர் திரையை நம்பினார், என்னை நம்பினார், கம்பி இடப்பக்கம் போய்விட்டது.

"எடது கால்ல துடிக்குதே டாக்டர்!" என்று அலறினார் அந்த அம்மா. "போதும் சாமி, என்னை விட்டுடுங்க." கம்பியை உருவிவிட்டோம். அவர் மனம் தேறி மறுபடி வர ஏழு மாதம் ஆனது.

டாக்டர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே போய் அந்த அம்மாவின் கணவரிடம், "தப்பு என்னோடதுங்க" என்றார். அவர் டாக்டரின் சட்டையைப் பிடித்தார். நான் எங்கே இருந்தேன்? கதவுக்குப் பின்னால்! வேலை போய்விடும் என்ற பயம் ஐயா. மறுநாள் தொடங்கியதுதான் "வலது எது?". என்னைக் காட்டிக்கொடுக்காமல் என்னைத் திருத்த அவர் கண்டுபிடித்த வழி அது. டாக்டர் வீட்டம்மா, உங்களிடம்கூட அவர் சொல்லியிருக்க மாட்டார்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது ஆண்டுகளைத் தள்ளினேனே, பாவி!

தையல்காரம்மா, மூன்றாம் வரிசையில் உங்களைப் பார்க்கிறேன். இன்று நீங்கள் மெஷின் மிதிக்கிறீர்கள், அது டாக்டர் தந்தது. அந்த ஏழு மாத வலி நான் தந்தது. உங்கள் வீட்டுக்காரர் பிடித்திருக்க வேண்டியது என் சட்டையை. இயக்குநர் ஐயா, பதிவேட்டில் டாக்டர் பேரில் இருக்கும் அந்தத் தப்பை என் பேரில் திருத்தி எழுதுங்கள், எது வந்தாலும் ஏற்கிறேன்.

திங்கட்கிழமைக்கு அவர் தேதி கொடுத்துவிட்டுப் போன நோயாளி ஒருவர் காத்திருக்கிறார். வேறொரு டாக்டர் ஊசி எடுப்பார். அதற்கு முன் தோளைத் தொட்டு நான் கேட்பேன். எல்லாரும் பதில் சொல்லுங்கள், சிரிக்காமல் சொல்லுங்கள்.

தப்பு என்னோடது டாக்டர். சொல்லிவிட்டேன். கேட்கத்தான் நீங்கள் இல்லை.