மதலேனம்மா வாடியும் கிழிஞ்ச பந்தும்

கடலிட்டை வயசு கேட்டால் சொல்லாது. இந்தக் கதையிட்டையும் வருசம் கேக்கப்படாது. முந்தி, முந்தி, எங்கடை சிப்பித்துறைக்குத் தார் றோட்டு வாறதுக்கு முன்னம், கோயிலுக்கு ஓடு போடுறதுக்கும் முன்னம், மதலேனாள் எண்டொரு மனுசி இருந்தாவாம்.

நில்லுங்கோ, எங்களோடை பந்தடிக்க வந்த தம்பியவை, உப்பிடி முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. கொட்டிலுக்குள்ளை வந்து இருங்கோ. நாலு துளி தூறினதுக்கு எங்கடை பெடியள் பந்தை விட்டிட்டு ஓடுறாங்களே, இதென்ன விசர்க் கழகம் எண்டுதானே யோசிக்கிறியள்? வரேக்கை ஒருத்தர் கேட்டவர், வாசலிலை ஏன் கிழிஞ்ச பந்தொண்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறியள் எண்டு. ரண்டுக்கும் ஒரே கதைதான். அதுக்குள்ளை உங்கடை ஊர் கரம்பைத்தீவும் வருது. தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு கேளுங்கோ.

மதலேனாள் என்ரை தாயின்ரை பெரியம்மா. நான் சின்னனாய் இருக்கேக்கை கண்டிருக்கிறன். நல்ல கறுப்பு, நல்ல உயரம், வாய் திறந்தால் கடலும் ஒதுங்கும்.

இந்த மைதானம் அப்ப மைதானமில்லை. வாடி. வாடியெண்டால் மீன் காயப்போடுற வெளி. நிலம் கோயிலின்ரை. ஆனால் புருசன் கடலோடை போன நாள் தொட்டு இதிலை பாய் விரிச்சது மதலேனாள்தான். வெயிலுக்கை காயிற கருவாடுதான் மாரி காலத்துக்கு அவவின்ரை சோறு. கருவாடு இல்லையெண்டால் சோறில்லை.

பின்னேரத்திலை பெடியள் இதிலை பந்தடிக்க வருவாங்கள். விண்மீன் கழகமெண்டு தங்களுக்குத் தாங்களே பேர் வைச்சவங்கள். பேர்தான் விண்மீன், காலிலை சப்பாத்துமில்லை, உடுப்பும் ஒருத்தன்ரை மாதிரி ஒருத்தனுக்கில்லை. பந்து போய்ப் பாயிலை விழும். மீனிலை மண் பறக்கும். மண் விழுந்த கருவாட்டை எவள் வாங்குவாள்?

மதலேனாள் என்ன செய்வா தெரியுமோ? இடுப்பிலை மீன் வெட்டுற கத்தி எப்பவும் செருகியிருக்கும். பந்தை எடுப்பா. கத்தியை எடுப்பா. சர்ரெண்டு ஒரு கிழி!

"என்ரை வாடிக்குள்ளை வந்த பந்தை வெட்டுவன். ஊருக்கே சொல்லிப்போட்டன்!"

துணிப்பந்தோ, றப்பர் பந்தோ, அவவுக்கு வித்தியாசமில்லை. கிழிச்சதை வேலியிலை கொழுவியும் விடுவா. மற்றவைக்கும் புத்தி வரவேணுமாம்.

கழகத்துக்குத் தலைவன் யாக்கோப்பு. காலும் நீளம், நாக்கு அதைவிட நீளம். "மதலேனக்கா, பந்து உங்கடை மீனைத் தின்னவோ போகுது?" எண்டு கேட்டானாம். "எடேய், உன்னை வெட்டாமல் பந்தை வெட்டினதுக்கு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வீட்டை போ" எண்டாவாம் அவ.

இந்தச் சண்டை பங்குச் சுவாமியாரிட்டைப் போச்சு. வாடியைத் தங்களுக்குத் தரச்சொல்லிப் பெடியள். தரப்படாதெண்டு மதலேனாள். சுவாமியாரும் எத்தினை நாள்தான் ரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுறது? ஒருநாள் பூசை முடியக் கோயில் முத்தத்திலை வைச்சுச் சொன்னாராம்.

"மாதா திருநாளுக்கு ஒரு பந்தாட்டக் கோப்பை வைக்கிறன். சுத்துவட்டார ஊரெல்லாம் வரட்டும். விண்மீன் வெண்டால் வாடி கழகத்துக்கு. மதலேனாள் பாயைச் சுருட்டவேணும். தோத்தால் வாடி மதலேனாளுக்கு. பிறகு ஒருத்தரும் இந்தக் கதையோடை என்ரை வாசலுக்கு வரப்படாது."

"சரி சுவாமி" எண்டாவாம் மதலேனாள். அவ்வளவுதான். ஏன் சரியெண்டா? வெறுங்கால் பெடியள் எங்கை வெல்லப்போறாங்களெண்டு நினைச்சிருப்பா எண்டு சொல்லுவினம். சுவாமியின்ரை சொல்லுக்கு மறுசொல் இல்லையெண்டு இருந்திருப்பா எண்டும் சொல்லுவினம். எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

ஆனால் பெடியள் வெண்டாங்கள். ஒரு ஊரை வெண்டாங்கள், அடுத்த ஊரையும் வெண்டாங்கள். கடைசி ஆட்டத்துக்கு வந்திட்டாங்கள். எதிரிலை ஆர்? உங்கடை கரம்பைத்தீவு! சப்பாத்துப் போட்ட காலுகள். கொழும்பிலையிருந்து எடுப்பிச்ச தோல் பந்து. அந்த ஒரு பந்துதான், வேறை பந்தில்லை.

ஆட்டம் இதே வாடியிலை. நடுவிலை கிடந்த பாயளை எடுக்கச்சொல்லிச் சுவாமியார் கேட்டார். எடுத்தா. எடுத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னாலை விரிச்சா. அண்டைக்குப் பார்த்து நல்ல மீன்பாடு, பின்பக்கம் முழுக்க மீன். "இதுக்கு மேலை ஒரு சாணும் தள்ளமாட்டன்" எண்டு கத்தியோடை பக்கத்திலை குந்திவிட்டாவாம். ஊர் முழுக்கப் பார்க்க வந்து நிண்டுது.

யாக்கோப்பு ஒரு கோல் அடிச்சான். ஊர் துள்ளுது. மதலேனாள் மட்டும் அசையேல்லையாம். பாயை ஒருக்காப் பார்ப்பாவாம், கோல் கம்பத்தை ஒருக்காப் பார்ப்பாவாம்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருக்கு. அப்ப வந்துது மழை.

ஆடியிலை மழையாம்! இடியுமில்லை, மின்னலுமில்லை. பொலுபொலுவெண்டு கொட்டிச்சுது. அப்ப என்ன நடந்தது சொல்லுங்கோ பார்ப்பம்?

பார்த்துக்கொண்டு நிண்ட சனம் முழுக்க ஒரு சத்தம் வைச்சுதாம், "ஐயோ மீன்!" எண்டு. சத்தம் வைச்சுக்கொண்டே அவையவை தங்கடை தங்கடை முத்தத்துக்கு ஓடிச்சினம். அதைக் கேட்ட விண்மீன் பெடியள் என்ன செய்தாங்கள்? அவங்களும் ஓடினாங்கள். கோல்காரனும் ஓடினான். யாக்கோப்பு முன்னுக்கு ஓடினான். கிட்டக் கிடந்தது ஆற்றை பாய்? மதலேனாளின்ரை பாய். ஒருத்தன் இந்தத் தலைப்பு, ஒருத்தன் அந்தத் தலைப்பு. தூக்கு, சுருட்டு, கொட்டிலுக்குள்ளை போடு. தூக்கு, சுருட்டு, கொட்டிலுக்குள்ளை போடு.

பெரிய மனசெண்டு நினையாதேங்கோ. கிழவனான பிறகு யாக்கோப்பரிட்டை நானே கேட்டனான், "ஏன் ஐயா ஆட்டத்தை விட்டிட்டு ஓடினனியள்?" எண்டு. என்னை விசரியைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தார். "மழை பெய்தால் மீனை அள்ளாமல் எந்த மடையனடி நிப்பான்?" எண்டார். தவழுற காலம் தொட்டுப் பழகின பழக்கம். ஆட்டம் நடக்குதெண்டதே அந்த நேரம் மறந்துபோச்சாம்.

உங்கடை ஆக்கள் ஓடேல்லை. அவை தோட்டக்காரர். மழை வந்தால் முகத்தை நிமித்திச் சிரிக்கிறவை. நிண்டு பார்த்தினம். எதிரிலை ஒருத்தருமில்லை. மத்தியஸ்தர் விசில் ஊதேல்லை. பந்து காலிலை கிடக்கு. உங்கடை முன்வரிசைக்காரன் ஒருத்தன் சிரிச்சுச் சிரிச்சுப் பந்தைத் தட்டிக்கொண்டு நடந்து வாறானாம், வெறுங் கோலுக்குள்ளை அடிக்க. ஒருத்தரும் மறிக்கேல்லை.

கடைசிப் பாயைக் கொட்டிலுக்குள்ளை போட்டிட்டு மதலேனாள் திரும்பிப் பார்த்தா. கொட்டிலுக்குள்ளை தன்ரை மீன், ஒண்டும் நனையேல்லை. முன்னாலை தலையாலை தண்ணி ஒழுகப் பதினொரு பெடியள். அங்காலை வெறுங் கோல். அவன் அந்தக் கோலை அடிச்சு, பிறகு இன்னொண்டும் அடிச்சால் வாடி தனக்குத்தான். அது அவவுக்குத் தெரியும். பேசாமல் நிண்டால் போதும்.

நிக்கேல்லை தம்பி. ஓடினா. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினா. அவன் காலைத் தூக்குறான், இவ குனிஞ்சு பந்தைத் தூக்கிவிட்டா. கத்தி வந்துது. சர்ரெண்டு ஒரு கிழி!

கொழும்புப் பந்து. உஸ்ஸெண்டு காத்துப் போற சத்தம் மழைக்குள்ளையும் கேட்டுதாம்.

மத்தியஸ்தர் ஓடிவந்தார். "என்னம்மா வேலை இது?"

"என்ரை வாடிக்குள்ளை வந்த பந்து. வெட்டுவன். ஊருக்கே சொல்லியிருக்கிறன்."

"இது ஆட்டம் அம்மா!"

"ஆட்டமெண்டால் ஆடுற பெடியள் எங்கை? என்ரை மீனைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாங்கள். என்ரை மீனை நனையவிடாத பெடியளின்ரை ஆட்டத்தை நான் நனையவிடுவனோ?"

யாக்கோப்புக்கு அப்பதான் உறைச்சுதாம், தாங்கள் என்ன செய்தது, அவ என்ன செய்தாவெண்டு. 

வேறை பந்தில்லை. பந்தில்லாமல் ஆட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலிலையிருந்து திருப்பி ஆடவேணுமெண்டு தீர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை வெயில். விண்மீன் ஒரு கோல் அடிச்சுது, உங்கடை ஆக்கள் அடிக்கேல்லை. நிலம் மேடு பள்ளமெண்டு பிறகு சொல்லிச்சினமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணலெண்ட கதைதான். கோவிக்காதேங்கோ, பகிடிக்குச் சொன்னனான்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு பெடியள் ஊர்வலமாய் வர, மதலேனாள் ஆரும் சொல்லமுன்னமே பாயளைச் சுருட்டிக்கொண்டு நிண்டாவாம். "சொன்ன சொல் சொன்னதுதான்" எண்டா. அழேல்லையாம். பாயைக் கயிறு போட்டுக் கட்டினாவாம்.

யாக்கோப்பு கோப்பையை மணலிலை வைச்சான். அவ கட்டின பாயை அவிட்டு ஒரு தலைப்பைப் பிடிச்சான்.

"எடேய், விடடா பாயை."

"நிலம் இப்ப எங்கடை தானே அக்கா? எங்கடை நிலத்திலை ஆர் மீன் காயப்போடுறதெண்டு நாங்கள்தானே சொல்லவேணும்? மற்றத் தலைப்பைப் பிடியுங்கோ."

பார்த்துக்கொண்டு நிண்ட சுவாமியார் சிரிச்சாரெண்டு சொல்லுவினம்.

அண்டையிலையிருந்து காலமை வாடி முழுக்க மீன், பின்னேரம் நடுவிலை பந்து, கோலுக்குப் பின்னாலை மீன். அண்டையிலையிருந்து இந்த மைதானத்துக்குப் பேர் மதலேனம்மா வாடி. அண்டையிலையிருந்து மழைத்துளி விழுந்தால் மீனை அள்ள விண்மீன் ஆட்டத்தை நிப்பாட்டும், கோப்பை போனாலும் நிப்பாட்டும். வாசலிலை தொங்குறது அந்தக் கொழும்புப் பந்துதான். அந்த நாளையிலை அவவே கொழுவினது. இப்ப அதுவும் கருவாடுமாதிரித்தான் காஞ்சு கிடக்கு.

என்ன தம்பி, கை தூக்குறியள்? ஓமோம், தெரியும். பந்து கோல் கோட்டைத் தாண்டின பிறகுதான் வெட்டினவ எண்டு உங்கடை ஊரிலை இண்டைக்கும் சொல்லுவினம். அதையும் நான் மதலேனாளிட்டையே கேட்டனான். சாகப்போற நேரமும் சிரிச்சுக்கொண்டு சொன்னா, "அந்த மழைக்குள்ளை கோடு எங்கையடி தெரிஞ்சுது?" எண்டு.

அந்தா, மழை விட்டு வெளிச்சுப் போச்சு. எங்கடை பெடியள் கோலுக்குப் பின்னாலை திரும்பப் பாய் விரிக்க வாறாங்கள். விரிச்ச பிறகுதான் ஆட்டம். என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள் தம்பி? மற்றத் தலைப்பைப் பிடியுங்கோ.